கனம் எங்கே தங்க வேண்டும்

கோல்ஃப் பந்தின் எடை 45.93 கிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. அதை அடிக்கிற, அயர்னுக்கும் வுட்டுக்கும் இடைப்பட்ட ஹைப்ரிட் மட்டையின் தலை ஏறக்குறைய 235 கிராம் இருக்கும். இரண்டும் ஒட்டியிருப்பது அரை மில்லி விநாடி. பந்து எவ்வளவு வேகமாகக் கிளம்பும், எவ்வளவு உயரம் போகும் என்பதெல்லாம் அதற்குள் முடிவாகிவிடுகிறது. கைப்பிடியும் ஷாஃப்ட்டும் தலையைக் கொண்டுவந்து சேர்ப்பதோடு சரி. மோதலில் அவற்றின் எடைக்கு அநேகமாகப் பங்கில்லை. வீச்சு வேகம் குறைந்தவர்களுக்கான லேசான ஹைப்ரிட்டை ரசிக்கவும் தேர்ந்தெடுக்கவும் இந்த ஒரு கணக்கே போதுமான அடிப்படை என்று நினைக்கிறேன். மொத்த எடை எத்தனை கிராம் என்று கேட்பதற்கு முன், குறைத்த எடையை எங்கிருந்து எடுத்தார்கள் என்று கேட்க வேண்டும். பழைய ஸ்டீல் ஷாஃப்ட் 110 கிராம் இருந்த இடத்தில் இன்று 50 கிராம் கிராஃபைட் ஷாஃப்ட் உட்கார்ந்திருக்கிறது. அந்த 60 கிராமும் பந்துக்குத் தெரியாமல் கழிந்த சுமை. தலையில் 10 கிராம் குறைத்தாலோ, அதே வேகத்தில் வீசும்போது பந்தின் வேகம் நூற்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக இறங்கும். சின்ன இழப்புதான். ஆனால் டிரைவரையே மணிக்கு 85 மைலுக்குக் கீழே வீசுகிறவருக்கு விட்டுக்கொடுக்க அதிகம் இல்லை.

'மட்டை லேசானால் கை அவசரப்படும், தாளம் கெடும்' என்ற ஆட்சேபம் பழையது. அதில் உண்மையும் உண்டு. தலை எங்கே வருகிறது என்பது கைக்குத் தெரியாவிட்டால் நல்ல வீச்சும் சிதறிப்போகும். இங்கேதான் மட்டை செய்யும் கைவினையின் நுட்பம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஸ்விங்வெயிட் என்பது கைப்பிடி நுனியிலிருந்து 14 அங்குலத்தில் தாங்கி நிறுத்திப் பார்க்கும் சமநிலை அளவு. தலையில் 2 கிராம் கூட்டினால் அது ஒரு புள்ளி ஏறுகிறது. கைப்பிடியில் நான்கைந்து கிராம் குறைத்தாலும் ஒரு புள்ளி ஏறுகிறது. ஷாஃப்ட்டை லேசாக்கினால் இறங்குகிறது. ஆகவே 50 கிராம் கைப்பிடிக்குப் பதில் 30 கிராம் கைப்பிடி போட்டால், லேசான ஷாஃப்ட் பறித்துக்கொண்ட தலையுணர்வில் பெரும்பகுதி திரும்பி வந்துவிடுகிறது. மொத்தத்தில் 80 கிராம் போயிருக்கும். வீசும்போது தலையின் கனம் மட்டும் நுனியில் ஏறக்குறைய அப்படியே தெரியும். இதற்கு நேர்மாறாக, ஜப்பானின் டன்லப் 2000-இல் தொடங்கிய ஸெக்ஸியோ வரிசையின் சில மாதிரிகளில் கைப்பிடி நுனியிலேயே சிறு எடையைப் பதிக்கிறார்கள். மட்டையை மேலே தூக்கும்போது அது சரியான இடத்தில் நிற்க உதவுவதற்காக. என் கணக்கை அது மறுப்பதுபோல் தோன்றலாம். ஆனால் அங்கேயும் தலையில் கை வைக்காமல் எடையை இடம் மாற்றித்தான் காரியம் பார்க்கிறார்கள்.

எடைக்கு அடுத்தது உயரம். மெதுவாக வீசுகிறவரின் 4-ஆம் எண் அயர்ன் பந்தை எழுப்பாது. எழும்பினாலும் தாழப் பறந்து, கிரீனில் விழுந்ததும் ஓடி மறுபக்கம் போய்விடும். அயர்னின் தலை தட்டையானது, அதன் எடை முகத்தையொட்டியே நிற்கிறது. ஹைப்ரிட்டின் வயிறு பின்னால் பருத்திருப்பதால் எடைமையம் கீழேயும் பின்னேயும் இறங்கி, பந்து சுலபமாக மேலே கிளம்புகிறது. தேர்வு செய்யும்போது அடியில் பொறித்த எண்ணை நம்பக் கூடாது. ஒரு நிறுவனத்தின் 4-ஆம் எண்ணில் முகச்சாய்வு 21 டிகிரி, இன்னொன்றினுடையதில் 23. ஷாஃப்ட்டின் வளைவுக்கும் இதே கதிதான். 'சீனியர்', 'ரெகுலர்' என்ற பெயர்களுக்குப் பொதுத் தர அளவு கிடையாது. எண்ணை விட்டு முகச்சாய்வின் டிகிரியைப் பார்த்து வாங்க வேண்டும். வேகம் குறையக் குறைய மட்டைகளுக்கிடையே தூர வித்தியாசம் சுருங்கும் என்பதால் 19, 22, 25 என்று நெருக்கி வாங்குவதைவிட 23, 28 என்று அகலமாக விட்டு, 14 மட்டை வரம்பில் ஓர் இடத்தை மிச்சம் பிடிப்பது புத்திசாலித்தனம்.

ஹைப்ரிட்டைவிட 7-ஆம் எண் ஃபேர்வே வுட் உயரம் தருமே என்பார்கள். தரும்தான், நல்ல புல்தரையில் இருந்து அடித்தால். ஆனால் அது ஒன்றரை, இரண்டு அங்குலம் நீளம் கூடுதல். முகத்தின் நடுவில் அடிப்பது அந்த அளவுக்குச் சிரமம். ரஃப் புல்லுக்குள் பந்து புதைந்திருந்தால் அகன்ற தலை புல்லை இழுத்துக்கொண்டு வரும், ஹைப்ரிட்டின் ஒடுங்கிய தலை ஊடுருவிப் போகும். ஹைப்ரிட் பந்தை இடப்பக்கம் வளைக்கும் என்ற புகாரும் நியாயமானதே. முகம் சற்றுப் பின்தள்ளிய ஆஃப்செட் அமைப்பு வலக்கை ஆட்டக்காரருக்கு அப்படிச் செய்யக்கூடியதுதான். பந்து வலப்பக்கம் ஓடும் பழக்கமுள்ள மெதுவீச்சுக்காரருக்கு அதுவே மருந்து. ஏற்கெனவே இடப்பக்கம் வளைப்பவர் ஆஃப்செட் குறைந்த தலையைக் கேட்டு வாங்கட்டும்.

ஹைப்ரிட் பலவீனர்களின் ஊன்றுகோல் என்ற எண்ணம் மட்டும் எனக்கு வருத்தம் தருகிறது. 2004-இல் ராயல் ட்ரூனில் நடந்த ஓபன் சாம்பியன்ஷிப்பில் எர்னி எல்ஸை பிளே-ஆஃபில் வென்றபோது டாட் ஹாமில்டன், கிரீனுக்கு வெளியிலிருந்து ஹைப்ரிட்டால்தான் பந்தைத் தரையோடு உருட்டிக் குழியருகே நிறுத்தினார். 2009-இல் ஹேசல்டைனில் நடந்த பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பில், டைகர் வுட்ஸை ஓர் அடி முந்திக்கொண்டு கடைசிக் குழிக்கு வந்த தென்கொரியரான ஒய்.ஈ. யாங், இருநூறு கஜத்துக்கு மேலிருந்து மரத்தைத் தாண்டி அடித்த அடியும் ஹைப்ரிட்டின் அடிதான். பந்து உயரப் போய் மெத்தென்று இறங்கியது. பேர்டியோடு பட்டம் வென்றார். அவர் கையில் இருந்த பலம் எல்லோருக்கும் வாய்க்காது. ஆனால் மட்டை வாங்க வருகிறவர் பயிற்சித் திடலில் ஒரு வாளிப் பந்து முழுவதும் அடித்து, தோள் தளர்ந்த பிறகு கடைசி ஆறு பந்துகள் எப்படி இறங்குகின்றன என்று பார்க்கலாம். முதல் ஆறு பந்துகளில் எந்த மட்டையும் நன்றாகத்தான் இருக்கும்.