டாரல் இழுத்த கம்பி

'ரெபெல் மீட்ஸ் ரெபெல்' ஆல்பத்தைப் பற்றி யாரிடம் பேச்செடுத்தாலும் முதல் பத்து நிமிடத்தை அதில் பாடிய கன்ட்ரிக்காரர் டேவிட் ஆலன் கோ எடுத்துக்கொண்டுவிடுகிறார். ஒஹாயோ சிறைகள், தாடி, பச்சை குத்திய உடம்பு, தன்னைப் பற்றி அவர் சொன்னதில் எது நிஜம் எது சரடு என்ற பழைய பஞ்சாயத்து. அது முடிந்தால், அவருக்கு வாசித்தவர்களின் மெட்டல் குழுவான பான்டெரா ஏன் உடைந்தது, தப்பு யார் பேரில் என்று அடுத்த பஞ்சாயத்து. கிட்டார் பக்கம் பேச்சு திரும்புவதற்குள் எல்லோரும் எழுந்துவிடுகிறார்கள். எனக்கோ அந்த ஆல்பமே கிட்டாருக்காகத்தான். இன்னும் குறுக்கிச் சொன்னால், பான்டெராவின் கிட்டார்காரர் டைம்பேக் டாரல் கம்பியை இழுக்கிற இழுப்புக்காக.

பான்டெராவின் 'வாக்' பாட்டு ரிஃப்பை ஒருமுறை மனதுக்குள் ஓட்டிப் பாருங்கள். தடித்த கம்பி சும்மா ஒலிக்கிறது. அடுத்து முதல் ஃப்ரெட்டில் விரல் விழுந்து அதை லேசாக வளைக்கிறது. அந்த இடத்தில் கம்பி விறைத்துக்கொண்டு நிற்கும்; விரல் நுனி எரியும். அவ்வளவு சிரமப்பட்டும் சுரம் அரைப்படிகூட ஏறுவதில்லை, ஏற்றுவது அவர் நோக்கமும் இல்லை. இரண்டு சுரங்களுக்கு நடுவே பெயரில்லாத ஓர் இடத்தில் கம்பியைக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார். 1992லிருந்து கிட்டார் பிடித்த பையன்கள் எல்லோரும் இந்த ரிஃப்பை வாசிக்கிறார்கள். பாதிப் பேர் இழுப்பை நேராக அடுத்த சுரத்தில் கொண்டுபோய் உட்கார வைக்கிறார்கள், மீதிப் பேர் இழுக்கவே மறந்துவிடுகிறார்கள். கமகம் கேட்டுப் பழகிய காதுக்கு டாரல் நிறுத்துகிற இடம் எதுவென்று உடனே தெரிந்துவிடும். கீழே டிரம்மில் அண்ணன் வின்னி பால் மூன்று மூன்றாக நடை போடுகிறார். அதுவும் டெக்ஸாஸ் நடனக் கூடங்களில் பல தலைமுறையாக ஓடிக்கொண்டிருக்கிற ஷஃபிள்தான். மெட்டல் உடுப்பு போட்டிருக்கிறது, அவ்வளவே.

இது எங்கிருந்து வந்தது என்று தேடி அலைய வேண்டியதில்லை. அப்பா ஜெர்ரி ஆபட் கன்ட்ரி பாட்டு எழுதியவர், ஒலிப்பதிவாளர். ஆர்லிங்டன் நகரத்தின் வயிற்றுக்குள் இருக்கிற பான்டீகோ என்ற சின்ன ஊரில் அவருடைய ஸ்டுடியோ. பள்ளி விட்டதும் இரண்டு பிள்ளைகளுக்கும் அதுதான் திண்ணை. பக்ஸ் ஹெண்டர்சன் மாதிரி டெக்ஸாஸ் ப்ளூஸ்காரர்கள் ரெக்கார்டிங்குக்கு வந்தால் சின்னவன் டாரல் அவர்கள் விரலைப் பார்த்துக்கொண்டே நிற்பானாம். 'கவ்பாய்ஸ் ஃப்ரம் ஹெல்', 'வல்கர் டிஸ்ப்ளே ஆஃப் பவர்' இரண்டும் அந்த ஸ்டுடியோவில்தான் பதிவாயின. பிறகு அப்பா நாஷ்வில்லுக்குக் குடிபெயர்ந்து அங்கே ஒரு ஸ்டுடியோ வைத்தார். 1994ல் வெளியான வாரமே பில்போர்டில் முதலிடத்தில் போய் உட்கார்ந்த 'ஃபார் பியாண்ட் டிரிவன்' ஆல்பத்தை, அந்த இரைச்சலை, இவர்கள் பதிவு செய்தது கன்ட்ரி இசையின் தலைநகரத்தில், ஒரு கன்ட்ரி பாடலாசிரியரின் கூடத்தில். பான்டெராவுக்கும் கன்ட்ரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களிடம் நான் இதற்கு மேல் ஒன்றும் சொல்வதில்லை.

ஆம்ப் விஷயத்திலும் ஒரு பழைய சண்டை உண்டு. வால்வு ஆம்ப் பக்தர்கள் டாரலின் ராண்டல் ஆம்பைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். டிரான்சிஸ்டர், சூடில்லை, தேனீக்கூட்டைக் கலைத்த மாதிரி இரைகிறது என்பார்கள். வால்வின் அருமை எனக்கும் தெரியும். ஆனால் வால்வு சுரத்தை வாங்கிக் கொஞ்சம் தொய்ந்து, தன் குணத்தையும் சேர்த்துத்தான் வெளியே விடும். டிரான்சிஸ்டர் அப்படியே முகத்தில் எறியும். விரல் பிசகினால் பிசகு கேட்கும், கம்பி கால் சுரம் நகர்ந்தால் அந்தக் கால் சுரமும் கேட்கும். டாரலுக்கு வேண்டியிருந்தது இதுதான். எழுபதுகளிலிருந்து பெடல் ஸ்டீல்காரர்கள் எந்த ஆம்பை வைத்து வாசித்தார்கள்? மிசிசிப்பியில் செய்த பீவி செஷன் 400. பிற்பாடு நாஷ்வில் 400. இரண்டுமே டிரான்சிஸ்டர். ஸ்டீல் கிட்டாரில் சுரம் சறுக்கிப் போகிற வழியெல்லாம் சுத்தமாகக் கேட்டாக வேண்டும், குழைந்துவிடக் கூடாது. மெட்டல் பையன் ஒருவனும் கன்ட்ரி பெரியவர்களும் ஒரே காரணத்துக்காக ஒரே வகை ஆம்பைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

'செமெட்ரி கேட்ஸ்' முடிவில் பான்டெரா பாடகர் ஃபில் ஆன்செல்மோவின் குரல் மேலே மேலே ஏற, டாரல் வேமி பாரால் ஹார்மானிக்கைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போகிற இடம் இருக்கிறதே, அதையும் இந்தக் கணக்கில்தான் சேர்க்கிறேன். முதலில் பாரை அழுத்திக் கம்பியைத் தளர்த்திவிடுவார். தளர்ந்த கம்பியில் ஹார்மானிக்கைத் தொட்டு எழுப்புவார். அப்புறம் பாரை மெல்ல விடுவார். அந்த ஒலியைக் கூச்சல் என்பவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பாரியாகத்தான் கேட்கிறது. கன்ட்ரி பாட்டில் பாடுபவர் வரியை முடித்ததும், அவரால் சொல்ல முடியாமல் போனதை ஸ்டீல் அழுது தீர்க்குமே, அதே வேலை.

கோ 1939ல் பிறந்தவர். டாரலும் அவரும் ஃபோர்ட் வொர்த்தில் சந்தித்தது 1999ல். அவருக்கு வயது அறுபதைத் தொடுகிறது. டானியா டக்கருக்கும் ஜானி பேச்செக்குக்கும் நம்பர் ஒன் பாட்டுகளை எழுதிக் கொடுத்தவர், அப்போது ஊர் ஊராகப் போய் வாசித்துக்கொண்டிருந்தார். அதிலிருந்து 2003 வரைக்கும் நேரம் கிடைத்தபோதெல்லாம் டாரல், வின்னி பால், ரெக்ஸ் பிரவுன் மூவரும் அவருடன் உட்கார்ந்து பதிவு செய்தார்கள். 2004 டிசம்பர் 8 அன்று கொலம்பஸ் நகரத்து மேடையில் டாரல் சுட்டுக் கொல்லப்பட்டார். 38 வயது. அந்த ஆல்பத்தை 2006 மே மாதம் அண்ணன் வின்னி தன் சொந்த லேபிளில் வெளியிட்டார்.

ஆன்செல்மோவுக்குப் பின்னால் வாசித்த டாரல் வேறு ஆள், கோவுக்குப் பின்னால் வாசிக்கிற டாரல் வேறு ஆள். ஆன்செல்மோவின் குரல் கிட்டாரோடு மல்லுக்கு நிற்கும், கிட்டாரும் விட்டுக்கொடுக்காது. கோவுடையது கதை சொல்கிற குரல். சொல்லை இழுத்து, நிறுத்தி, தாளத்துக்குக் கொஞ்சம் பின்தங்கி வருவார். அந்தக் குரலுக்கு இடம் வேண்டும் என்பது டாரலுக்குத் தெரிந்திருக்கிறது. ரிஃப்பை அடித்துவிட்டு உள்ளங்கையால் கம்பியை அடக்குகிறார், குரல் வருகிறது, வரி முடிகிற இடத்தில் ஒரே ஒரு இழுப்பு. நாஷ்வில் செஷன்களில் பாடகருக்குக் குறுக்கே போகாமல் வாசிப்பார்களே, அந்த நாகரிகம். 'அரிசோனா ரிவர்ஸ்' வரும்போது டிஸ்டார்ஷன் முழுக்க விலகி அக்கூஸ்டிக் கிட்டார் மட்டும் நிற்கிறது. அங்கேயும் விரல் அதே விரல்தான். மறைத்துக்கொள்ள இரைச்சல்கூட இல்லை. ஆல்பத்தில் எல்லாப் பாட்டும் உசத்தி என்று சொல்ல மாட்டேன். போதைப் பாட்டுகளை நான் பெரும்பாலும் தள்ளிவிட்டுத்தான் கேட்கிறேன்.

கன்ட்ரி ரத்தத்தில் ஊறிய மெட்டல் வேண்டுமென்றால் ஹாங்க் வில்லியம்ஸின் பேரனிடம் போ என்று நண்பர்கள் சிலர் சொல்வார்கள். அவரும் மதிப்புக்குரியவர்தான். ஒரே இரவில் முதலில் தாத்தா வழிக் கன்ட்ரி, பிறகு ஹெல்பில்லி, கடைசியில் ஆஸ்ஜாக் என்று மூன்று கச்சேரி செய்தவர். 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' எனக்கும் பிடித்த ஆல்பம். ஆனால் அவர் கன்ட்ரியை முடித்துவிட்டுத்தான் மெட்டலுக்குப் போவார். நடுவில் ஒரு கதவு சாத்தப்படும். டாரலிடம் அந்தக் கதவே கிடையாது. 'ரெபெல் மீட்ஸ் ரெபெல்' ஆல்பத்தின் 'கெட் அவுட்டா மை லைஃப்' பாட்டில் இந்தப் பேரனும் கோவுடன் சேர்ந்து பாடுகிறார். ஹாங்க் வில்லியம்ஸின் ஆவியைச் சந்தித்ததாக 1983ல் 'தி ரைட்' பாடிய கோ, அந்த ஹாங்கின் பேரனோடு சேர்ந்து பாடுகிறார் என்று நினைத்துக்கொண்டு கேட்டால் அந்தப் பாட்டின் கனமே வேறு.

ஒரு விஷயத்தை மூடி மறைக்க எனக்கு மனமில்லை. 1982ல் வந்த அண்டர்கிரவுண்ட் ஆல்பத்தில் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் பாட்டைக் கோ பாடியிருக்கிறார். அமெரிக்கத் தென் மாநிலங்களின் கூட்டமைப்புக் (கான்ஃபெடரேட்) கொடி தீட்டிய கிட்டாரை டாரல் மேடையேற்றியிருக்கிறார். தெற்கத்திப் பெருமை என்ற பெயரில் இதை நியாயப்படுத்துபவர்களோடு எனக்குப் பேச்சில்லை. ப்ளூஸ்காரர்களின் விரலைப் பார்த்து வித்தை படித்த ஒருவர் அந்தக் கொடியைத் தூக்கினார் என்பது எனக்கு இன்னும் ஆறாத வருத்தம். இழுப்பைக் கேட்கும்போதெல்லாம் அந்த வருத்தமும் கூடவே வருகிறது.

இப்போது கன்ட்ரி மெட்டல் என்று வருகிறவற்றைக் கேட்க உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் அலுத்துவிடுகிறது. தொப்பி, தாடி, விஸ்கி, லாரி எல்லாம் இருக்கிறது. டிரம் அடி ஒவ்வொன்றையும் கணினியில் கோட்டுக்கு நேராக அடுக்கிவிடுகிறார்கள். ஷஃபிளின் உயிரே அந்தக் கோட்டிலிருந்து விலகி நிற்பதில்தான் இருக்கிறது. கிட்டாரை நான்கு தடவை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிகிறார்கள். நான்கு பதிவிலும் இழுப்பு ஒன்றுபோல் வராது என்பதால் இழுப்பையே எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது சுவர். பாடகர் சுவருக்கு வெளியே நின்று கத்துகிறார். 2022 முதல் பான்டெரா பெயரில் நடக்கும் கச்சேரிகளில் சாக் வைல்ட் வாசிக்கிறார். நண்பனுக்குச் செய்கிற மரியாதை அது, குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் வைல்டின் இழுப்பு போய்ச் சேரவேண்டிய சுரத்தில் திடமாக இறங்கி, அகலமாக அசையும். அது வேறு வீட்டுச் சமையல். 'வாக்' அங்கே ஒலிக்கும்போது நான் அந்தப் பெயரில்லாத இடத்துக்காகக் காத்திருப்பேன். வராது.

இர்விங்கில் வேலை பார்த்த நான்கு வருடங்களில் சனிக்கிழமைதோறும் 30ஆம் நெடுஞ்சாலையில் ஃபோர்ட் வொர்த் போவேன். வழியில் ஆர்லிங்டன். மூர் மெமோரியல் கார்டன்ஸில் டாரலின் கல்லறை இருக்கிறது. ரசிகர்கள் விட்டுப்போன கிட்டார் பிக்குகள் வெயிலில் வெளுத்துக் கிடக்கும். அப்போது வின்னி உயிரோடு இருந்தார். 2018ல் அவரையும் தம்பி பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள். அங்கே பத்து நிமிடம் நின்றுவிட்டு ஸ்டாக்யார்ட்ஸ் பக்கம் போய்விடுவேன்.

அங்கே ஒரு சின்ன மதுக்கூடத்தில் மதிய வேளையில் ஒரு பெரியவர் பெடல் ஸ்டீல் வாசிப்பார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். பீவி ஆம்ப், மூலைகளில் பெயிண்ட் உரிந்தது. கேட்பவர்கள் ஏழெட்டுப் பேர். இடைவேளையில் பேசிப் பழகிவிட்டோம். மெட்டல் அவருக்கு ஆகாது; பான்டெரா என்ற பெயரைக் கேள்விப்பட்டிருந்தார், அவ்வளவுதான். ஒருநாள் 'செமெட்ரி கேட்ஸ்' கடைசிப் பகுதியை ஐபாடில் வைத்து, கேட்டே ஆகவேண்டும் என்று இயர்ஃபோனை நீட்டினேன். மரியாதைக்காக வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். ஸ்டீலின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். கை இரண்டும் மடியில். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. டிரம் இரைச்சலுக்குக் கண்ணைச் சுருக்கினார்.

அப்புறம் நான் கீழே பார்த்தேன். இடது முழங்கால் மெல்ல வெளிப்பக்கம் நகர்ந்து, சுரத்தை வளைக்கிற லீவரைத் தொட்டது. நின்றது. திரும்பி வந்தது. மறுபடி நகர்ந்தது, இந்தமுறை கொஞ்சம் நீளமாக. இயர்ஃபோனைக் கழற்றிக் கொடுத்தவர், வாசித்த பையன் எந்த ஊர் என்று கேட்டார். இங்கேதான், ஆர்லிங்டன் என்றேன். யார் வீட்டுப் பிள்ளை என்று அடுத்த கேள்வி. ஜெர்ரி ஆபட் பெயரைச் சொன்னேன். தலையை ஒருமுறை ஆட்டிவிட்டு, பாரை எடுத்துக் கம்பியின் மேல் வைத்துக்கொண்டார்.