இன்னொரு தட்டின் எடைக்கல்

பீட்டில்ஸின் வெள்ளை அட்டை இரட்டை ஆல்பமும் கிங்க்ஸ் குழுவின் ‘வில்லேஜ் கிரீன் பிரிசர்வேஷன் சொசைட்டி’யும் பிரிட்டனில் ஒரே நாளில் வெளிவந்தன: 1968 நவம்பர் 22. முன்னது உலகையே சுற்றியது. பின்னது விற்பனைப் பட்டியலில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. 12 பாடல்களோடு செப்டம்பரிலேயே வரவிருந்ததை கிங்க்ஸின் ரே டேவிஸ் நிறுத்திவைத்து 15 ஆக்கினார். அந்தத் தாமதம்தான் பீட்டில்ஸோடு மோதவைத்தது. அமெரிக்காவிலோ 1965 முதல் நான்கு ஆண்டுகள் கிங்க்ஸ் குழுவால் மேடையேறவே முடியவில்லை.

மாணவர் போராட்டங்களும் உரத்த கிதார்களும் நிறைந்த ஆண்டில் டேவிஸ் கிராமத்துப் புல்வெளியையும் பழைய நண்பர்களையும் பாடினார். பழமையில் மூழ்கிய பாட்டு என்று ஒதுக்கினால் அது பிழை. ‘டூ யூ ரிமெம்பர் வால்ட்டர்’ பாடலைக் கேளுங்கள். பால்யகால நண்பனை நினைத்து உருகுகிறவன், இப்போது நேரில் சந்தித்தால் பேச ஒன்றும் இருக்காது என்பதையும் அறிந்தே பாடுகிறான்.

பெயர்பெற்ற ராக் குழுக்களின் கவனிக்கப்படாத ஆல்பங்களைத் தேடித்தேடிக் கேட்டதில் எனக்கு உறுதியாகிவிட்ட ஒன்று உண்டு. இவற்றில் பெரும்பாலானவற்றை வேறொரு இசைத்தட்டின் எடைக்கல்லை வைத்தே நிறுத்திருக்கிறார்கள். முன்னால் வந்ததோ பின்னால் வந்ததோ பெரும் வெற்றி பெற்றுவிட, அதன் சாயல் இல்லாதது குறையாகிப்போகிறது.

ஃபிளீட்வுட் மேக்கின் ‘டஸ்க்’ (1979) இதற்குக் கச்சிதமான சாட்சி. ‘ரூமர்ஸ்’ (1977) கோடிக்கணக்கில் விற்றிருந்தது. அதே மாதிரி இன்னொன்று வேண்டும் என்றே எல்லோரும் எதிர்பார்த்தார்கள். குழுவின் லிண்ட்சி பக்கிங்ஹாம் பிடிவாதமாக மறுத்தார். வீட்டிலேயே சில பாடல்களைப் பதிந்துகொண்டு வந்தார். தலைப்புப் பாடலுக்காகப் பல்கலைக்கழக பேண்டு வாத்தியக் குழு டாட்ஜர் மைதானத்தில் வாசித்தது. செலவு பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. 20 பாடல்களில் நாலைந்தைக் கழித்திருக்கலாம் என்பது என் கருத்து. ஆனாலும் ஸ்டீவி நிக்ஸின் ‘சாரா’ மாதிரி மென்மையான பாடலும் பக்கிங்ஹாமின் கரடுமுரடான கத்தலும் ஒரே தட்டில் இருப்பது அந்தக் குழுவின் உண்மை முகம். ‘ரூமர்ஸ்’ அதை மெருகேற்றி மறைத்திருந்தது.

பிங்க் ஃபிளாய்டின் ‘அப்ஸ்கியூர்ட் பை கிளவுட்ஸ்’ நிலைமை தலைகீழ். ‘டார்க் சைட் ஆஃப் தி மூன்’ வருவதற்கு ஒன்பது மாதம் முன்பு, 1972 ஜூனில் வந்தது. பார்பே ஷ்ரோடரின் பிரெஞ்சுப் படத்துக்காக, பாரிஸுக்கு அருகே ஒரு பழைய மாளிகையில், ஏறக்குறைய இரண்டே வாரங்களில் பதிவானது. அவகாசம் குறைந்ததால் பாடல்கள் சுருங்கின. நீட்டி முழக்கும் வழக்கம் காணாமல் போனது. ‘ஃப்ரீ ஃபோர்’ கைதட்டலோடு துள்ளலாகத் தொடங்கி, முதுமையையும் சாவையும் பேசி, போரில் மாண்ட தந்தையில் வந்து நிற்கிறது. பாடலை எழுதிய ரோஜர் வாட்டர்ஸின் தந்தை 1944இல் இத்தாலியின் அன்சியோவில் இறந்தவர். பிற்பாடு ‘தி வால்’ ஆல்பம் முழுக்க நிறைந்த அந்தத் துயரத்தின் ஒரு விதை இங்கே கிடக்கிறது.

என் மனசுக்கு மிக நெருக்கமானது லெட் செப்லினின் ‘பிரசன்ஸ்’ (1976). விற்காத ஆல்பம் இல்லை இது; பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது. பிறகு ரசிகர்களே அதை மறந்துபோனார்கள். 1975 ஆகஸ்டில் கிரேக்கத் தீவான ரோட்ஸில் நடந்த கார் விபத்தில் பாடகர் ராபர்ட் பிளாண்ட் படுகாயமடைந்தார். மியூனிக்கில் ஒரு ஹோட்டலின் அடித்தளத்தில் இருந்த மியூசிக்லேண்ட் ஸ்டூடியோவில் சக்கர நாற்காலியில் இருந்தபடியே பாடினார். அடுத்து அதே இடத்தில் ரோலிங் ஸ்டோன்ஸ் ரெக்கார்டிங் காத்திருந்தது. 18 நாளில் வேலையை முடித்தாக வேண்டும்.

கீபோர்டு கிடையாது. அக்கூஸ்டிக் கிதாரும் அநேகமாக இல்லை. மின்கிதார், பேஸ், டிரம்ஸ், குரல், அவ்வளவுதான். பத்து நிமிடத்தைத் தாண்டும் ‘அக்கிலீஸ் லாஸ்ட் ஸ்டாண்ட்’ பாடலுக்கு ஜிம்மி பேஜ் கிதார் அடுக்குகள் முழுவதையும் ஒரே இரவில் சேர்த்தார். ஹெட்போன் மாட்டிக் கேட்டால் ஒன்றன்மேல் ஒன்றாக அவை ஏறுவதும், ஜான் பான்ஹாமின் டிரம்ஸ் குதிரைப் பாய்ச்சலில் விடாமல் துரத்துவதும் தனித்தனியாகப் பிடிபடும். ‘ராயல் ஆர்லியன்ஸ்’ சாதாரணப் பாடல்தான். ஆனால் கடைசியில் வரும் ‘டீ ஃபார் ஒன்’ புளூஸில் பிளாண்டின் தனிமை அப்பட்டமாகத் தெரிகிறது. ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ ஒன்றையே அந்தக் குழுவாக நினைத்திருப்பவர்களிடம் நான் முதலில் நீட்டுவது இதைத்தான்.

பீச் பாய்ஸின் ‘சன்ஃபிளவர்’ (1970) அமெரிக்கப் பட்டியலில் 151ஆம் இடத்தோடு நின்றுபோனது. ‘பெட் சவுண்ட்ஸ்’ தந்த பிரையன் வில்சனை மட்டுமே எதிர்பார்த்தவர்கள் மற்றவர்களைக் கவனிக்கவில்லை. இரண்டே நிமிடத்துக்குள் முடியும் ‘திஸ் ஹோல் வேர்ல்டு’ சுருதி மாறிமாறி அலைந்து, கிளம்பிய இடத்துக்கே திரும்புகிறது. அது பிரையனின் கைவண்ணம். ஆனால் ‘ஃபாரெவர்’ டிரம்மர் டெனிஸ் வில்சனுடையது. கரகரப்பான அந்தக் குரலைக் கேட்டவர்கள் 1977இல் அவர் தனியாக வெளியிட்ட ‘பசிபிக் ஓஷன் புளூ’வையும் தேடிக் கேட்க வேண்டும்.