ஆண்ட்ராய்டில் ஃபயர்பாக்ஸ்: படிக்கவிடும் பிரவுசர்

ஆண்ட்ராய்டு போனை வாங்கும்போதே குரோம் உள்ளே இருக்கிறது. தட்டினால் திறக்கிறது, வேலையும் நடக்கிறது. பிறகு எதற்கு இன்னொரு பிரவுசர்? ஃபயர்பாக்ஸை இறக்கி, அதில் விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் என்ற எக்ஸ்டென்ஷனைச் சேர்த்து, வழக்கமாகப் படிக்கும் செய்தித் தளத்தைத் திறந்து பாருங்கள். பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

இரண்டாம் பத்திக்குப் போவதற்குள் விளம்பரம் வந்து விழுந்து எழுத்தைக் கீழே தள்ளுவது, தேடினாலும் அகப்படாத அளவுக்குச் சின்னதாக இருக்கும் 'மூடு' குறி, கேட்காமலே ஓடத் தொடங்கும் வீடியோ: இவை பெரும்பாலும் காணாமல் போகின்றன. பக்கம் அசையாமல் நிற்கிறது. வாசிப்பு முறைக்கு மாறினால் தலைப்பும் செய்தியும் படங்களும் மட்டும் மிஞ்சும். எழுத்தைப் பெரிதாக்கலாம், பின்னணியை இளம் பழுப்பாக்கலாம். சின்ன எழுத்தில் தமிழின் கொம்பும் சுழியும் ஒன்றோடொன்று ஒட்டித் தெரியும் என்பதால், பார்வை மங்கிய பெரியவர்களுக்கு இது ஒன்றே போதும்.

போனில் இருக்கும் குரோமில் எக்ஸ்டென்ஷன் போட வழியில்லை. கணினியில் உள்ள குரோமிலும், எக்ஸ்டென்ஷன்களுக்காகக் கூகுள் கொண்டுவந்த மேனிஃபெஸ்ட் வி3 விதிகளுக்குப் பிறகு முழுமையான யூபிளாக் ஆரிஜின் ஓடாது. திறன் குறைந்த லைட் பதிப்புதான். ஃபயர்பாக்ஸோ 2023 டிசம்பரில் ஆண்ட்ராய்டிலும் எக்ஸ்டென்ஷன்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது. இரவில் படிப்பவர்கள், பக்கங்களை இருட்டுப் பின்னணிக்கு மாற்றும் டார்க் ரீடரையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது வடிவமைப்பு. இன்றைய பெரிய திரைகளில் ஒரு கையால் மேல் விளிம்பைத் தொடுவது சிரமம். 2020இல் ஆண்ட்ராய்டு செயலியைப் புதிதாக எழுதியபோதே ஃபயர்பாக்ஸை உருவாக்கும் மொஸில்லா முகவரிப் பட்டையைக் கீழே கொண்டுவந்தது. ஐபோனின் சஃபாரி 2021இல் அந்த வழிக்கு வந்தது. ஆண்ட்ராய்டு குரோமில் அந்த வசதி வர 2025 ஆகிவிட்டது. ஃபயர்பாக்ஸில் பட்டையைப் பக்கவாட்டில் தள்ளினால் அடுத்த டேப் வரும். வெளியேறும்போதே உலாவிய தடங்களை அழிக்கவும் அமைப்புகளில் இடமுண்டு. வீட்டில் எல்லோரும் எடுத்துப் பார்க்கும் போனுக்கு ஏற்ற வசதி.

குறைகளும் உண்டு. குரோமில் மட்டும் சோதித்துவிட்டு வெளியிடப்படும் தளங்கள் நிறைய. பணம் கட்டும் பக்கத்தில் பொத்தான் வேலை செய்யாவிட்டால், முதலில் அந்தத் தளத்துக்கு மட்டும் யூபிளாக்கை அணைத்துப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் குரோம்தான் கதி. மொஸில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி, கூகுள் தேடலை முன்னிறுத்துவதற்காகக் கூகுளே தரும் பணம் என்பதும் கவலை தரும் விஷயம்.

ஆனாலும் இந்த பிரவுசர் நிலைக்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஓபெரா 2013இல், குரோமின் அடித்தளமான குரோமியத்துக்கு மாறியது, மைக்ரோசாஃப்ட் எட்ஜ் 2020இல் மாறியது, பிரேவும் சாம்சங் இன்டர்நெட்டும் அதன்மேல்தான் எழுந்தவை. பெயர்கள் பல, உள்ளே எந்திரம் ஒன்று. ஒன்றே ஆளும்போது என்ன நடக்கும் என்பதை முன்பே பார்த்திருக்கிறோம்: 2001இல் மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6 வந்து சந்தையைப் பிடித்தபின், அடுத்த பதிப்புக்கு 2006 வரை காத்திருக்க நேர்ந்தது. இடையில் 2004இல் ஃபயர்பாக்ஸ் 1.0 டேப்களோடும் பாப்-அப் தடுப்போடும் வந்த பிறகுதான் தேக்கம் உடைந்தது. ஆளில்லாத பந்தயத்தில் யாரும் வேகமாக ஓடமாட்டார்கள்.

ஐபோன்காரர்களுக்கு இந்தப் பரிந்துரை பொருந்தாது. அங்கே ஃபயர்பாக்ஸ் ஆப்பிளின் வெப்கிட் எந்திரத்தில்தான் ஓடுகிறது, இந்த எக்ஸ்டென்ஷன்களும் கிடையாது. ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்கள் தயங்க வேண்டாம். குரோமை நீக்கத் தேவையில்லை; ஃபயர்பாக்ஸை இயல்பான பிரவுசராக வைத்து, குரோமை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். தளம் கட்டுபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: வெளியிடும் முன் ஃபயர்பாக்ஸிலும் ஒருமுறை திறந்து பாருங்கள்.