வாயிலும் வழக்கும்
ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் நியாயாதிக்கம் பற்றிய ஒரு திறனாய்வு

வழக்கொன்றின் நியாயத்தை ஆராயுமுன், அதனை ஆராயும் அதிகாரம் தனக்குண்டோ எனத் தன்னையே வினவுதல் எந்நீதிமன்றத்துக்கும் முதற்கடனாகும். 1959 இல் ஸ்திராஸ்பூர்க் நகரில் நிறுவப்பெற்ற ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இவ்வினாவுக்கு அளித்த விடைகள் தம்முள் ஒத்தனவல்ல. அவ்வேறுபாட்டை ஈண்டு நோக்குவாம்.

ஏற்புடைமை விதிகள் பெரிதும் தெளிவானவை. முறையிடுவோர் தம் நாட்டிற் கிடைக்கும் பரிகாரங்களை முற்ற நாடியிருத்தல் வேண்டும். இறுதித் தீர்ப்புக்குப் பின் 4 மாதத்துள் விண்ணப்பித்தல் வேண்டும். 2022 பெப்ரவரிக்கு முன் இக்காலவெல்லை 6 மாதமாயிருந்தது. பெயர் மறைத்த முறையீடும், வெளிப்படையாகவே ஆதாரமற்ற முறையீடும் தள்ளப்படும். இவற்றுட் பெரும்பாலான முறையிடுவோரின் முயற்சியால் நிறைவேறத்தக்கன. நியாயாதிக்கமோ அத்தகையதன்று. ஒவ்வோர் அரசும் தன் நியாயாதிக்கத்துக்குட்பட்ட யாவர்க்கும் உரிமைகளை உறுதிசெய்தல் வேண்டும் என்பது சமவாயத்தின் முதலாம் உறுப்புரை. அவ்வெல்லைக்கு அப்பாற்பட்டோர் எத்துணை முயலினும் வாயில் திறவாது.

1999 ஏப்ரல் 23 இல் நேட்டோ விமானங்கள் பெல்கிறேட் நகரின் வானொலி, தொலைக்காட்சி நிலையத்தைத் தாக்கியதில் 16 பேர் மாண்டனர். மாண்டோர் சிலரின் உறவினரும் காயமுற்ற ஒருவரும் 17 அரசுகள்மீது தொடுத்த பங்கோவிச் வழக்கை நீதிமன்றம் 2001 இல் ஏற்க மறுத்தது. குண்டு வீசியமை ஒன்றே தாக்குண்டோரை அவ்வரசுகளின் நியாயாதிக்கத்துக்கு உட்படுத்தாது என்பது அதன் கருத்து. 2011 இல், அல்-ஸ்கெய்னி வழக்கில், ஈராக்கின் பஸ்ராப் பகுதியிற் பாதுகாப்புப் பொறுப்பேற்றிருந்த பிரித்தானியப் படையினரின் நடவடிக்கைகளில் இறந்தோர் பிரித்தானியாவின் நியாயாதிக்கத்துக்குட்பட்டோரே எனத் தீர்ப்பாயிற்று. 2021 இல், இரசியாமீது ஜோர்ஜியா தொடுத்த வழக்கில், 2008 ஆகஸ்டிற் போர் மூண்டிருந்த 5 நாள்களின் தாக்குதல்கள் மீண்டும் விலக்கப்பட்டன. 2025 இல், உக்ரேனும் நெதர்லாந்தும் தொடுத்த வழக்கிலோ, இரசியப் படைத்தாக்குதல்களும் நியாயாதிக்கத்துள் அடங்கின.

உலகப் போர்கள் அனைத்துக்கும் தான் நடுவராகிவிடலாகாது என நீதிமன்றம் அஞ்சுதல் இயல்பே. அதன் ஆணை உறுப்பு நாடுகளின் இசைவாலன்றி நிறைவேறாது. எனினும் 2001 இன் கொள்கை தரும் விளைவு வியப்புக்குரியது. ஒருவனைச் சிறைப்பிடித்துக் கொன்ற அரசு விடையிறுக்க வேண்டும். வானிலிருந்து பலரைக் கொன்ற அரசு விடையிறுக்க வேண்டியதில்லை. வலிமை மிகுதோறும் பொறுப்புக் குறையும் என்பது உரிமை நூலுக்குப் பொருந்துமா?

2025 இன் தீர்ப்பு இக்குறையை ஒருவாறு நீக்கியது. ஆயினும் ஒரு போருக்குத் திறந்த வாயில் எல்லாப் போருக்கும் திறந்ததாகாது. உயிரைப் பறிக்கும் ஆற்றலை ஒருவர்மேற் செலுத்திய அரசு, அச்செயலளவில் அவர்க்குப் பொறுப்புடையது என்னும் பொதுவிதி வகுக்கப்படுமாயின், முறையிடுவோர் வாயிலிலேயே தம் வழக்கை இழந்து மீளார்.