விளக்குத்தண்டும் உள்ளறையும்

மத்தேயுவின் மலைப்பொழிவில் இரண்டு கட்டளைகள் நேருக்கு நேர் மோதுகின்றன. 5:16இன்படி, விளக்குத்தண்டில் வைத்த விளக்கைப் போலச் சீடர்களின் நற்செயல்களை ஊர் பார்க்க வேண்டும். 6:1இன்படி பிறர் பார்ப்பதற்காக அறம் செய்யக் கூடாது. கொடுப்பது இடக்கைக்குத் தெரியக் கூடாது, வேண்டுவது கதவடைத்த அறைக்குள். வெவ்வேறு ஆசிரியர்கள் எழுதியது என்றால் தப்பித்துக்கொள்ளலாம். இங்கே பேசுபவரும் ஒருவரே, பேச்சும் ஒன்றே.

வழக்கமாகச் சொல்லப்படும் முதல் சமாதானம்: நற்செயல் வெளியே, பக்தி உள்ளே. இது நிற்காது. 6:2–4 பேசுவது ஈகையைப் பற்றி. ஈகையை நற்செயலிலிருந்து எப்படிப் பிரிப்பது?

மறைத்துச் செய்ய முடியாத ஈகையும் உண்டு. கயத்தாற்றிலிருந்து ஆண்டவர் வெட்டும்பெருமாள். அவருக்கும் வேணாட்டு அரசருக்கும் இருந்த பகையின் நடுவே, 1544இல் தூத்துக்குடி தாக்கப்பட்டது. மக்கள் எதிரே உள்ள தீவுகளுக்கு ஓடிப்போய்ப் பசியிலும் தாகத்திலும் கிடந்தார்கள். படகுகளைத் திரட்டி உணவும் தண்ணீரும் கொண்டுபோகும்படி மறைப்பணியாளர் பிரான்சிஸ் சவேரியார் தம் துணைவர் மான்சிலியாசுக்கு எழுதினார். ஊர்த் தலைவர்களான பட்டங்கட்டிகளுக்கும் எழுதினார். 6:3ஐ எழுத்துக்கு எழுத்து பிடித்திருந்தால் அந்தக் கடிதங்களே பிழை. அப்படிச் சொல்லும் துணிவு எந்த உரைகாரருக்கும் வராது.

இரண்டாவது சமாதானம் ஸ்காட்லாந்து அறிஞர் ஏ. பி. புரூஸ் சொன்னது: மறைக்கத் தோன்றும்போது காட்டு, காட்டத் தோன்றும்போது மறை. கெட்டிக்காரத்தனமான யோசனை, மனத்தைப் பழக்குவதற்கு உதவும். ஆனால் இது மத்தேயுவுக்கு எழுதிய விளக்கமல்ல, நமக்குச் சொன்ன அறிவுரை.

மூன்றாவது அகுஸ்தீனாருடையது. வாக்கியம் எங்கே போய் முடிகிறது என்று பார்க்கச் சொல்கிறார் அவர். 5:16 மனிதர் பார்ப்பதோடு நிற்கவில்லை, தந்தையின் மகிமையில் முடிகிறது. 6:1 மனிதர் பார்ப்பதிலேயே முடிந்துவிடுகிறது. மூன்றில் வலுவானது இதுதான், ஏனென்றால் சான்று பாடத்துக்குள்ளேயே இருக்கிறது. யோவான் 12:42–43ஐயும் பக்கத்தில் வைத்தால் இன்னும் கூர்மையாகிறது. அங்கே தலைவர்கள் சிலர் நம்பிக்கை கொண்டும் வெளியே சொல்லவில்லை. மனிதர் தரும் பெருமையே அவர்களுக்குப் பெரிதாக இருந்தது என்கிறார் யோவான். எக்காளம் ஊதிக் கொடுத்தவனும் வாய்மூடியிருந்த தலைவனும் ஒரே குற்றத்துக்கு ஆளாகிறார்கள். ஆகவே மறைவு தன்னளவில் புண்ணியமல்ல.

இந்த அளவுகோலை இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நொபிலியிடம் வைத்துப் பார்ப்பது சுவையானது. 1606இல் மதுரைக்கு வந்தவர், ஏற்கெனவே அங்கிருந்த கொன்சாலோ பெர்னாந்தசின் பணியிலிருந்து விலகித் துறவியாக வாழ்ந்தார். குடிலின் கதவைச் சாத்திக்கொண்டு, வெளியே அதிகம் வரவில்லை. அவர் கிறிஸ்தவத்தையே ஒளிக்கிறார் என்பது போன்ற புகார்கள் ரோமாபுரி வரை போயின. 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவற்றை நிபந்தனைகளுடன் அனுமதித்தார். அந்தச் சின்னங்கள் சமயம் சார்ந்தவையா, சமூகம் சார்ந்தவையா என்பதுதான் அங்கே வழக்கு. மத்தேயு கேட்பது வேறு: அந்தச் சாத்திய கதவு யாருக்காக? மதுரையில் துறவி கதவைச் சாத்தினால் மதிப்பு கூடும். எனவே அந்தக் குடிலை 6:6இன் உள்ளறை என்று நான் ஏற்கமாட்டேன். அது மதுரைக்கு ஏற்ற விளக்குத்தண்டு. இது குற்றச்சாட்டு அல்ல. அவரை 5:16ஐக் கொண்டுதான் அளக்க வேண்டும் என்கிறேன். மணி அடித்துத் தெருத்தெருவாகச் சிறுவரைக் கூட்டிய சவேரியாரையும் அதே வசனத்தால்தான் அளக்க வேண்டும். அவர் தனித்திருந்து செபித்ததாக மரபு சொல்லும் மணப்பாட்டுக் குகைக்குத்தான் 6:6 பொருந்தும்.

இவ்வளவு தூரம் அகுஸ்தீனார் தாங்குகிறார். அச்சம் வரும் இடத்தில் தடுமாறுகிறார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிவகாசி நாடார் குடும்பங்களில் சில பெண்கள் திருமுழுக்குப் பெறாமல், வீட்டுக்குள்ளேயே கிறிஸ்துவை வணங்கினார்கள். வெளியே சொன்னால் வீடே போய்விடக்கூடிய நிலை. காப்பாற்றிக்கொள்ளப் பதவிப் பெருமை ஏதுமில்லாத அவர்கள்மேல் யோவான் 12:43ஐ வீசுவது அநியாயம். 19:38இல் யூதருக்கு அஞ்சி மறைந்திருந்த அரிமத்தியா யோசேப்பைச் சீடர் என்றே யோவான் எழுதுகிறார். மனிதர் முன் மறுதலிப்பவரைப் பற்றிப் பேசும் மத்தேயு 10:33 அவ்வளவு இளகவில்லை. இந்த முரணை நோக்கத்தைக் கொண்டு தீர்க்க முடியாது. இரண்டு நற்செய்தியாளர்களும் இங்கே உண்மையாகவே வேறுபடுகிறார்கள்.