முகவரும் கங்காணியும்: ஒரு நெறிமுறையின் சொல்லாட்சி

2000 ஜனவரியில் வெளியான ‘ஏஜென்ட்-எக்ஸ்’ நெறிமுறை, கணினி வலையமைப்பை மேற்பார்வையிடத் தலைமை முகவர், துணை முகவர் என்னும் பிரிவினையை வகுக்கின்றது. துணை முகவர் தத்தம் பகுதியைத் தலைமை முகவரிடம் பதிவர். மேலாண்மை நிலையத்துடன் பேசுபவர் தலைமை முகவரே. துணை முகவரின் இருப்பையே நிலையம் அறியவேண்டியதில்லை. அம்மறைவை ஆவணம் சிறப்பெனவே கொள்கின்றது.

பதுளைத் தோட்டங்களின் வரலாற்றைக் கற்ற நமக்கு இவ்வமைப்புப் புதியதன்று. பெரிய கங்காணி, சில்லறைக் கங்காணி, மேலே துரை. தொழிலாளர் துரையின் கணக்கேட்டில் ஏறியது கங்காணி வழியாகவே. வேலைக்கு வந்த தலைக்கு இவ்வளவு எனக் கங்காணிக்குக் காசு.

எனினும் ஒப்புமையை மிக நீட்டுதல் இயக்கவியல் நோக்காகாது. துணை முகவர் தானே தொடர்பை முடித்துக்கொள்ளலாம். ஊவாத் தொழிலாளரோ, 1921இல் துண்டுமுறை சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை, கடனைத் தீர்த்தால் விடுவிப்பதாகத் துரை எழுதிய துண்டின்றி வேறு தோட்டத்தில் பேர் பதிய இயலவில்லை.