ஜெல் திண்மமே

ஜெல் திண்மமா, திரவமா என்று கேட்டால் "இரண்டுக்கும் நடுவில்" என்று சொல்லி நழுவுவது வழக்கமாகிவிட்டது. பாடநூல்களும் கூழ்ம வகை அட்டவணையில், திண்மத்தில் பரவிய திரவம் என்று ஒரு கட்டத்தில் அடைத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகின்றன. இந்த விடையில் எனக்கு உடன்பாடில்லை. செங்கல்பட்டு மாவட்டத்திலேயே இதை விசாரிக்க இரண்டு சாட்சிகள் உண்டு.

முதல் சாட்சி நுங்கு. கோடையில் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகிற சாலையோரம் குலை குலையாகக் கிடக்கும். தலையைச் சீவி, கண்ணுக்குள் கட்டைவிரலை விட்டு நெம்பினால் சுளை முழுசாக வரும். நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர்; ஆனாலும் உள்ளங்கையில் வழிந்தோடாது, மெல்ல அழுத்திவிட்டால் பழைய வடிவத்துக்குத் திரும்பும். மிக இளசில் வெறும் நீர், பிறகு சுளை, முற்றினால் கடுக்காய். காலக்டோமன்னன் என்ற சர்க்கரைச் சங்கிலியின் வேலை இது. இளசில் கிளைகளாக நிற்கும் காலக்டோஸ், சங்கிலிகளை நெருங்கவிடாமல் நீரில் விரித்து வைக்கிறது. முற்றிய கொட்டையில் கிளைகள் குறைவு. சங்கிலிகள் அடர்ந்து இறுகிவிடுகின்றன. ஆனால் நுங்கை மட்டும் நம்பித் தீர்ப்பெழுத முடியாது. அது செல்களாலான திசு. வடிவத்தைத் தாங்குவதில் செல்சுவருக்கும் பங்குண்டு.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கத்தில் இருக்கும் சாட்சிக்கு அந்தக் குறை இல்லை. இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் எரிபொருள் நுண்ணுருண்டைகளைச் செய்ய 'சால்-ஜெல்' முறையைக் கையாண்டிருக்கிறார்கள். யுரேனைல் நைட்ரேட் கரைசலில் யூரியாவையும் ஹெக்சமெத்திலீன்டெட்ரமீனையும் குளிர்நிலையில் கலந்து, சூடான சிலிக்கோன் எண்ணெயில் துளித்துளியாக விடுவார்கள். சூட்டில் அமீன் சிதைந்து அம்மோனியா தர, துளி சில நொடிகளில் ஜெல்லாகிவிடும். பிறகு கழுவி, உலர்த்தி, உயர்வெப்பத்தில் சுடுவார்கள். கதிரியக்கத் தூளை அரைத்து அழுத்தும் வேலை மிச்சம்.

கழுவும் கட்டத்தில்தான் வழக்கே இருக்கிறது. உருண்டைகள் ஒன்றையொன்று தொட்டாலும் கலப்பதில்லை. நீர்த்துளிகளாக இருந்தால் சேர்ந்து ஒன்றாகியிருக்கும். அதேசமயம் உள்ளே மிஞ்சிய யூரியாவும் அம்மோனியம் நைட்ரேட்டும் வெளியே ஊறி வந்துவிடுகின்றன. திரவம் என்று வாதிடுவோர் இதைத்தான் பிடித்துக்கொள்வார்கள்: உள்ளே மூலக்கூறுகள் தாராளமாக நகர்கின்றனவே?

நகரட்டும். பல்லேடியத்துக்குள் ஹைட்ரஜனும் நகர்கிறது. பல்லேடியத்தை யாரும் திரவம் என்பதில்லை. கூழ்ம வேதியியலைத் தொடங்கிவைத்த தாமஸ் கிரஹாமே அந்த உலோகத்தையும் ஆராய்ந்தவர். ஒரு பொருளின் நிலையைத் தீர்மானிப்பது, பக்கவாட்டில் தள்ளும் சிறு விசையை அது ஓடாமல் எதிர்த்து நிற்கிறதா என்பதுதான். பால் ஃப்ளோரி 1941இல் இதற்குக் கணக்கே போட்டுக் காட்டினார்: பிணைப்புகள் பெருகி, ஒரு வலை பாத்திரத்தின் ஓரத்திலிருந்து ஓரம்வரை எட்டும் கணம் வருகிறது. அதுவரை பாகுநிலை ஏறிக்கொண்டே போகும். அந்தக் கணத்துக்குப் பின் மீள்தன்மை பிறக்கும். அப்போதே பொருள் திண்மத்தின் பக்கம் வந்துவிட்டது.

வலிமையான எதிர்வாதம் ஒன்று உண்டு. அகர் போன்றவற்றில் வலையைப் பிடித்திருப்பது நிலையான வேதிப்பிணைப்பு அல்ல. சுமார் 85 டிகிரிக்குச் சூடேற்றினால் உருகிவிடும். சில ஜெல்கள் நீண்டகாலச் சுமையில் மெல்ல நெகிழ்வதும் உண்மை. இவற்றைத் திண்மம் என்னும்போது எந்த வெப்பத்தில், எவ்வளவு நேரத்துக்கு என்றும் சொல்லியாக வேண்டும். நிரந்தரப் பிணைப்புள்ள ஜெல்லுக்கு அந்த நிபந்தனையும் வேண்டாம், அது திண்மமே. கடையில் விற்கும் தலைமுடி ஜெல்லை இந்தப் பட்டியலில் சேர்க்கமாட்டேன். அதிலுள்ள ஊறிய துகள் ஒவ்வொன்றும் ஜெல்தான். ஆனால் துகளோடு துகள் பிணையவில்லை. நெருக்கத்தில் முட்டி நிற்கின்றன, விரலால் தேய்த்ததும் ஓடிவிடுகின்றன.